விரல் ரேகை மெஷினுக்குப் பொட்டு வைத்த அருளப்பன் சார்

அருளப்பன் சார் நேற்று இறந்துவிட்டார்... ஆவூரில் அடக்கம் முடிந்து இப்போதுதான் விராலிமலை வந்து சேர்ந்தேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. எங்கள் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். நான் அங்கே காண்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எதிரெதிர் மேஜை. தினம் ஒரு சண்டையாவது போடாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை ஓடாது.

முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களைச் சரிபார்க்க விரல் ரேகை மெஷின் வாங்கப்போகிறார்கள் என்றார்கள். டெண்டருக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு ஹாலில் டெமோ. எங்கள் ஆபீஸிலிருந்து சாரும் நானும் போனோம்.

கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் விரலை வைத்தார், பச்சை லைட். ஆபீஸர்கள் வரிசையாக வைத்தார்கள், எல்லாம் பச்சை. கைதட்டல் வேறு.

சார் எழுந்தார். "இதெல்லாம் ஃபைல் புரட்டுற விரலுங்க. வெளிய மனு குடுக்க வந்தவங்க நிக்கிறாங்க. அவங்களையும் ஒருக்கா வைக்கச் சொல்லிப் பாப்போமே."

கல்குவாரியில் கல் உடைத்து ரேகை தேய்ந்துபோன ஒரு அம்மா வந்து வைத்தார். சிவப்பு. வேறு விரல்... அதுவும் சிவப்பு. "அடுத்த அப்டேட்ல சரியாயிரும் சார்" என்று சிரித்தார் கம்பெனிக்காரர்.

விரல் படியாதவர்களுக்காகக் கண்ணைப் பார்க்கிற மெஷினும் சேர்த்து வாங்க வேண்டும் என்று சார் எழுதிக் கொடுத்தார். ரேட் கட்டுப்படியாகாது என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினார், மறுபடி வந்தது. கடைசியில் விரல் மெஷின் மட்டும்தான் வாங்கினார்கள்.

சில நாள் சார் என்னோடு சண்டைகூடப் போடவில்லை... அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெஷின் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பொட்டு வைக்காமல் ஆன் பண்ணக் கூடாது என்று ஆபீஸில் ஒரே பிடிவாதம். வழக்கமாக ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறவர் அன்றைக்கு லீவு. சாரே கிண்ணத்தை எடுத்துச் சந்தனம் குழைக்க ஆரம்பித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன்!

"என்ன சார், நீங்களா?" என்றேன்.

"ஏன், என் கைச் சந்தனம் ஒட்டாதாக்கும்?"

பார்த்துப் பார்த்து, விரல் வைக்கிற கண்ணாடிக்கு நட்டநடுவில் வட்டமாக வைத்தார். அதற்கு மேல் குங்குமம்.

ஒரு விரலும் ஏறவில்லை. பொட்டு கலைந்துவிடக் கூடாதென்று எல்லோரும் ஓரமாக வைத்தால் எப்படி ஏறும்? அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கம்ப்ளெய்ண்ட் போட்டோம்.

திருச்சியிலிருந்து இன்ஜினியர் வேகாத வெயிலில் பைக்கில் வந்தார். மெஷினைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தார். பச்சை.

"ஒங்க புஸ்தகத்துல பொட்டு வைக்கக் கூடாதுன்னு எங்கிட்டாச்சும் போட்டிருக்கா தம்பி?" என்று சார் விறைப்பாகக் கேட்டார். பாவம், அந்தப் பையன் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு சார் மேஜையில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு இருக்கும். வருகிறவர்கள் கையை அவரே துடைத்துவிடுவார். "அழுத்தாதீங்க ஆத்தா. சும்மா வைங்க. அது எங்கிட்டும் ஓடிராது."

பச்சை வராமல் யாரையும் அனுப்ப மாட்டார். சாப்பாட்டு நேரம் போகிறதே என்று நான் கத்துவேன். காதிலேயே வாங்க மாட்டார்.

அவர் ரிட்டையர் ஆனார். எனக்கும் காண்ட்ராக்ட் முடிந்து விராலிமலையில் இ-சேவை மையம் போட்டேன். வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்க சார் பஸ் ஏறி என் கடைக்குத்தான் வருவார். உயிரோடு இருக்கிறேன் என்று விரல் வைத்தால்தான் பென்ஷன் வரும். அந்தப் பென்ஷனில்தான் வீட்டம்மாவுக்கு மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம்.

வீட்டுக்கே வந்து என் போனில் முடித்துத் தருகிறேனே சார் என்பேன். "நான் இருக்கேன்னு நாலு பேரு பாக்க வேணாமா?" என்பார்.

போன வருடம் சாரின் விரல் ஏறவில்லை.

எல்லா விரலையும் வைத்துப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு...

"ஏம்மா ஜெயா... நான் செத்துட்டேங்குதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பென்ஷன் நின்னுருமாம்மா? அவளுக்கு மாத்திரை வாங்கணுமே" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

துண்டை நனைத்துக் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன். "அழுத்தாதீங்க சார். சும்மா வைங்க. அது எங்கிட்டும் ஓடிராது."

பச்சை வந்தது. சார் டீ சொல்லிவிட்டு, "அந்தக் கண்ணு மெஷினை அன்னிக்கே வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார். பழைய சார் திரும்பி வந்துவிட்டார்.

இன்று பெட்டியில் பார்த்தேன். விரல்களைக் கோத்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். சாரின் வீட்டம்மா அந்தக் கையை விடவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு மெசேஜ். சார் வைத்திருந்தது பட்டன் போன், அதனால் பென்ஷனுக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். இந்த வருட உயிர்ச்சான்று இன்னும் வரவில்லையாம்... பக்கத்து மையத்துக்கு நேரில் வந்து விரல் ரேகை வைக்கவாம்.

பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

நீங்க வர வேணாம் சார். அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் போடணும்ல... மெஷினையும் ஈரத்துண்டையும் எடுத்துக்கிட்டு நானே வீட்டுக்கு வாரேன். பச்சை வராம எந்திரிக்க மாட்டேன்.

நீங்க நிம்மதியாத் தூங்குங்க.