குண்டூசியின் துரு

பற்றிக்குக்கு இந்த மாதத்தோடு அறுபது வயது, ஓய்வு பெறும் வயது. இருபத்தாறு வருடமாகத் தெல்தோட்டையிலிருந்து காலை ஐந்தே கால் பஸ்ஸில் வந்து, கண்டியில் ஒரு தனியார் ஆவணக் காப்பகத்தில் பட்டியல் எழுதுகிறார். மகள் அஷ்வினி உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை இன்னும் ஒரு வருடம் வேலை நீடிக்க வேண்டும். அதற்குப் பொறுப்பதிகாரி பிரேமிளா மிஸ் வெள்ளிக்கிழமை சிபாரிசு எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம்தான் இறந்துபோன ஓர் இராணுவ உயரதிகாரியின் பெட்டி வந்தது. பிரிகேடியராக இருந்தபோது வெளிநாட்டில் ஒரு வருட உயர்கல்விப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். விரிவுரைக் குறிப்புகள், வரைபடப் பயிற்சிகள், திருத்தித் திருத்தி எழுதிய ஆய்வுக் கட்டுரை. எல்லாம் குண்டூசி குத்திய கட்டுகள். ஊசிகள் துருப்பிடித்திருந்தன.

ஊசியைக் கழற்றியதும் அந்தக் கட்டை உறையில் போட்டு இலக்கம் எழுத வேண்டும். பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். வைத்திருந்தவர் எப்படி அடுக்கினாரோ, அதுதான் வரிசை. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தது பற்றிக்தான். புதன்கிழமை அவரே மறந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்கள், சோற்றுக்குப் பிறகு செருகிய கண்கள். எல்லா ஊசிகளையும் கழற்றி, தாள்களைத் திகதிப்படி அடுக்கிவிட்டார். பாதித் தாள்களில் திகதியே இல்லை.

எதிர்மேசை றமீஸா உறைகளோடு வந்தாள். மடவளை ஊர்க்காரி.

“அண்ணே, எத்தின கட்டு?”

பற்றிக் மேசையைப் பார்த்தார். “இப்ப ஒண்ணுதான்.”

“யா அல்லாஹ்! நான் இத செஞ்சிருந்தா ஒரு கெழமைக்கு ஏசியிருப்பீங்களே.”

“நீங்க ஏசுங்க புள்ள. கேட்டுக்கிறேன்.”

அவள் ஏசவில்லை. தன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

துருதான் வழி காட்டியது. ஒரு கட்டின் தாள்களிலெல்லாம் பழுப்புக் கறை ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தது. மேல் கட்டின் ஊசி, கீழ்க் கட்டின் முதல் தாளிலும் மங்கலாகப் பதிந்திருந்தது. ஜன்னலோரம் இரண்டு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இருநூற்றுப் பதின்மூன்று தாள்களையும் பழைய இடத்தில் சேர்த்தார்கள்.

ஒரு துண்டு மிஞ்சியது. கறையில்லை, திகதியில்லை. சிங்களத்தில் ஒரே வரி: மூன்று நாளாக நித்திரை இல்லை.

எந்தப் பயிற்சிக்குப் பின்னால் எழுதியது? எந்த வரைபடத்தின் மேல்? புதன்கிழமை காலைவரை அந்தப் பெட்டிக்கு அது தெரிந்திருந்தது.

“எங்கயாவது சொருகிடுங்களேன். யாரு பாக்கப் போற?” என்றாள் றமீஸா.

“யாரும் பாக்க மாட்டாங்க.”

அதைச் சொல்லிக்கொண்டே பட்டியலின் அடியில் எழுதினார்: ‘வரிசை என்னால் குலைந்தது. துருக்கறையைக் கொண்டு மீட்கப்பட்டது. 214ஆம் தாளின் இடம் தெரியவில்லை. பற்றிக்.’

வெள்ளிக்கிழமை பிரேமிளா மிஸ் அதை இரண்டு தடவை வாசித்தார்.

“இத எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?”

“தெரிஞ்சிருக்காதுங்க மிஸ்.”

சிபாரிசுத் தாள் மேசையில்தான் இருந்தது. மிஸ் அதை எழுதாமலே எடுத்து, மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்தார். “திங்கக்கிழமை பாப்போம்.”

தெல்தோட்டை பஸ்ஸில் அன்றும் இடமில்லை. பற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நுனிகளில் துரு இன்னும் போகவில்லை.