ஹட்டனில் ஒரு ஜோடி திருக்கை

மீன் தொட்டி வைத்து அவதிப்படும் உங்களுக்குத் தெரியும், மீனைப் பார்க்கிற நேரத்தைவிடத் தண்ணீரைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். ஹட்டன் பஜாரில் எனக்கு வண்ணமீன் கடை. விற்பதெல்லாம் நல்ல தண்ணீர் மீன். கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் நீலப் புள்ளி போட்ட இரண்டு சின்னத் திருக்கைகள். அவை விற்பனைக்கு இல்லை.

என் மனைவி ஸ்டெல்லா திருகோணமலைக் கடற்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில், ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்து, "அலை நுரை மாதிரி இருக்கு, ஆனா வந்து தொடமாட்டேங்குது" என்றாள். அந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்து, இந்தத் தொட்டியை வைக்க வைத்தது.

பட்டினி

கொழும்பிலிருந்து வந்த திருக்கைகள் சாப்பிட மறுத்தன. இறாலை நறுக்கி இடுக்கியில் பிடித்து வாயருகே நீட்டினேன். விலகிப் போய் மணலுக்குள் புதைந்துகொண்டன. நாளுக்கு நாள் மெலிந்து, வாலடியில் இடுப்பெலும்பு மாதிரித் துருத்த ஆரம்பித்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லா இடுக்கியை வாங்கி வைத்துவிட்டு, இறால் துண்டுகளை மணலுக்கடியில் அங்கங்கே ஒளித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று எழுந்து, மணலை ஊதி ஊதித் தேடி, அப்படியே மேலே படுத்துத் தின்றது. அவள் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தேடித் தின்னட்டும், அப்பதான் கடல் எண்டு நினைக்கும்."

சிரிப்பு

டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தங்கமீன் வாங்க வந்த ஒரு அம்மா, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. திருக்கை கண்ணாடியில் ஒட்டி மேலே ஏறும்போது அதன் வெள்ளை வயிறு தெரியும். அதில் வாயும் மூக்குத் துளைகளும் சேர்ந்து, சின்னப் பிள்ளை சிரிக்கிற மாதிரி இருக்கும்.

அந்த அம்மாவும் சிரித்தார்கள். பிறகு முகம் மாறிவிட்டது. "கண்ணு மேல இருக்கு, சிரிப்பு அடியில இருக்கு. தான் சிரிக்கிறத அதுவே பாக்க முடியாதேங்க, பாவம்!"

பக்கத்துக் கடை

பக்கத்தில் காதர் நானாவின் கருவாட்டுக் கடை. அவர் கடை வாசலில் திருக்கைக் கருவாடு தொங்கும். ஸ்டெல்லா அந்த வாசலில் காரணமில்லாமல் நிற்பாள், வாசனைக்காக. ஒருநாள் நானா எங்கள் தொட்டியைப் பார்க்க வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து சொன்னார்: "நான் இதத் தொங்கவிட்டுச் சோறு திங்கிறேன், நீங்க இதுக்குச் சோறு போடுறீங்க!"

கரண்ட் போன பகல்

திருகோணமலையில் ஸ்டெல்லாவின் அண்ணன் அன்ரன் புது வீடு குடிபோனான். அதற்குப் போக நாங்கள் பையோடு புறப்பட்டு நிற்கையில் மழையில் கரண்ட் போனது. ஹட்டன் குளிரில் ஹீட்டர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருக்கைகள் அசையாமல் கிடந்தன. தொட்டியைக் கம்பளியால் சுற்றினோம். எதிர்த் தேத்தண்ணிக் கடை விஜயா அக்கா சுடுதண்ணி தரத்தர, போத்தல்களில் அடைத்து மிதக்கவிட்டோம்.

பின்னேரம் கரண்ட் வந்து அவை நகர ஆரம்பித்தபோது, பஸ் போய்விட்டிருந்தது; ஸ்டெல்லா பையைத் திறந்து புதுச்சேலையைத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். வாசலில் நின்ற விஜயா அக்கா அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்: "தேத்தண்ணி கேட்டவங்ககிட்ட, கடலுக்குக் குளிருதாம், கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டேங்க."

கடல்

கடைசியில் காதர் நானாதான் ஊருக்குப் போய் வரச் சொல்லி எங்களைத் துரத்தினார். தொட்டியை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கண்டியில் பஸ் மாறி திருகோணமலை போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே கடலுக்குள் போனாள். காலைத் தூக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். மணலுக்குள் திருக்கை கிடந்தால் விலகிக்கொள்ளுமாம். அன்ரன் என்னிடம், "மச்சான், இப்ப அந்தப் புள்ளித் திருக்கை வலையில வந்தா நாங்க திருப்பிக் கடலுக்கயே எறியிறனாங்கள்" என்று சிரித்தான்.

இடுப்பளவு தண்ணீரில் அவள் நெடுநேரம் நின்றாள். அழுதாளா என்று கரையிலிருந்து தெரியவில்லை. பிறகு திரும்பி, அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்: "நானாவுக்கு ஒருக்கா போன்ல கோல் எடுங்கோ, அதுகள் சாப்பிட்டுதோ கேளுங்கோ!"

மலையில் இருந்தால் கடலுக்கு ஏங்குவதும், கடலில் நின்றால் மலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு ஏங்குவதும்தான் இந்தப் பிழைப்பில் எங்களுக்குக் கிடைத்த லாபம்.