கடைசி வயல் மீன்

எங்கள் பக்கத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு வயலைத் தனியாக ஒதுக்கிவிடுவோம். அதில் பூச்சிமருந்து அடிப்பதில்லை. விற்கிற நெல்லுக்குத்தான் மருந்து. எங்களுக்கு அது வாய்க்காலிலிருந்து கடைசி வயல். மேல் வயல்களில் அடித்ததெல்லாம் வயலுக்கு வயல் தண்ணீரோடு இறங்கி அங்கேதான் வந்து நிற்கும் என்பது எங்கள் மூளைக்கு எட்டவே இல்லை. அங்கே பிடித்த கெளுத்தியையும் நண்டையும் சுத்தமான சாப்பாடு என்று மகளுக்கு ஊட்டி வளர்த்தேன். கொஞ்ச வருடமாகக் கெளுத்தியில் சினையே காணோம். குழம்பில் ருசி போய்விட்டதே என்றுதான் அலுத்துக்கொண்டேன்.

மயிலாடுதுறையில் பூச்சிமருந்துக்கடை வைத்திருப்பவர் என் அண்ணன். அடித்த மறுவாரமே வீரியம் போய்விடும், பயப்படாதே என்பார். கூடப்பிறந்தவர் சொன்னால் அப்பீலே கிடையாது.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே மகள் வயசுக்கு வந்துவிட்டாள். எங்கோ அடிபட்டுவிட்டது, திட்டு விழும் என்று பயந்து பாவாடையை ஒளித்து வைத்திருந்தாள் பாவி மகள். தஞ்சாவூர் டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறோம், வயலில் என்ன அடிக்கிறோம் என்று துருவித் துருவிக் கேட்டார். சில மருந்துகள் உடம்புக்குள் போய் ஹார்மோன் மாதிரியே வேலை காட்டுமாம். மீனுக்கும் தவளைக்கும்கூட அதனால் இனவிருத்தி கெடுமாம். இவளுக்கு இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, எதற்கும் அந்த மீனை நிறுத்துங்கள் என்றார்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினார். பட்டுப்பாவாடை, வளையல், பழத்தட்டு. வாசலிலேயே நிறுத்தி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கடைக்காரர் ஆயிற்றே, சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

"வயல் மீனையா குடுத்த? நாங்க அதத் தொட்டு வருஷக்கணக்காச்சேம்மா. கடைக்குச் சரக்கு போடுறவனே திங்க வேணாம்னான்."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொன்னா ஊரு பூரா பரவிடும். அப்பறம் யாரு கடைக்கு வருவா?"

சீர்த்தட்டுகளை அப்படியே திருப்பி அனுப்பினேன். தாய்மாமன் சீரைத் திருப்பியவள் என்று சொந்தத்தில் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஊசிக்காக மாதாமாதம் மகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் நான்தான்.

அவனுக்கும் ஒரு மகள். அவளும் மூன்றாம் வகுப்புதான். அவளுக்கு மீன் நாகப்பட்டினத்திலிருந்து வருகிறது.