கதவு திறக்காத தெரு

அமரவிளையில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கும் எட்டுப் பெண்களின் சனிக்கிழமைக் கூட்டத்தை நடத்துவது ஸ்வப்னாவின் வேலை. யாரும் பேசாமல் அரை நிமிடம் போனால் போதும், அவளுக்குப் பொறுக்காது. தானே ஒரு தீர்வைச் சொல்லிவிடுவாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒன்றும் நடக்காது.

சர்ச்சுக்குப் பின்னால் உள்ள தெருவில் மட்டும் ஏன் எவரும் கதவு திறப்பதில்லை? அந்தச் சனிக்கிழமை எழுந்த கேள்வி இது.

“எனக்கும் தெரியல்ல,” என்றாள் முதன்முறையாக. “அங்க நீங்க என்ன கண்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

ஸ்வப்னா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நம்மளக் கண்டதும் ஜன்னலச் சாத்துவாங்க,” என்றாள் நீது.

“ஒரு பிள்ள மூக்கப் பொத்திச்சு,” என்றாள் ஜின்சி.

மூத்தவளான சுகிர்தபாய் எழுந்துபோய், மூலையில் கிடந்த கழிவுச் சாக்கை முகர்ந்து பார்த்தாள்.

“எம்மா! மீன் சந்தை பிளாஸ்டிக் கவரையெல்லாம் வாரிட்டு நேரா அங்கயாக்கும் போறோம். நமக்கு நாத்தம் பழகிப்போச்சு!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்த வாரம் சந்தைக்குப் போகும் முன்பே அந்தத் தெருவுக்குப் போனார்கள். கதவுகள் திறந்தன.

அடுத்த சனிக்கிழமை ஸ்வப்னா பேச எழும் முன்பே சுகிர்தபாய் கையமர்த்தினாள்:

“நீ சும்மா இரி மக்கா. இன்னைக்குக் கேள்வி நாங்க கேக்கோம்.”