கார் கம்பெனிக்குச் சீர்வரிசை

நஷ்டத்தில் தள்ளாடும் கார் கம்பெனிகளை அரசாங்கம் கைதூக்கிவிட வேண்டுமா என்று கேட்டால், கூடாது என்று சொல்கிற கட்சி நான். இதை ஒரு பத்திரிகையில் எழுதியும் இருக்கிறேன். என் கட்டுரைகளைப் படித்து யாரும் கோபப்படுவது வழக்கமில்லை, பாதியில் விட்டுவிடுவார்கள். இதை ஒருவன் கடைசிவரை படித்துக் கோபப்பட்டான். துரதிர்ஷ்டவசமாக அவன் என் மனைவியின் தம்பி.

மைத்துனனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் சின்னப் பட்டறை. இரண்டு பிரஸ் மெஷின், ஆறு பேர். அங்கே தயாராவது ஒரே சாமான்: கார்க் கதவுக்குள் ஒளிந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடியைத் தாங்கி ஏற்றி இறக்கும் ஒரு தகடு. அப்படி ஒன்று இருப்பதே அது உடைந்தால்தான் தெரியும். அதை வாங்குகிற கம்பெனியும் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்பெனி, இங்கே கார் செய்து கட்டுப்படியாகவில்லை, உற்பத்தியை நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்துவிட்டது. அரசாங்கம் உதவினால் யோசிக்கலாம் என்று அறிவிப்புக்கு ஒரு வாலும் இருந்தது. அந்த வாலைப் பிடித்துத்தான் நான் எழுதினேன்.

அரசாங்கம் கார் கம்பெனியை மாப்பிள்ளை மாதிரிதான் அழைத்து வருகிறது. நிலம், ரோடு, கரண்டு, வரிச்சலுகை என்று சீர்வரிசை மொத்தமும் முகூர்த்தத்துக்கு முன்பே போய்விடுகிறது. சில வருடம் கழித்து மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம் போட்டால் இருக்கிறேன் என்கிறார். போட்டால் அடுத்த வருடமும் பெட்டி வாசலுக்கு வரும். அந்தப் பணத்தை வேலை இழப்பவர்களுக்கே நேராகக் கொடுத்துவிடலாம். இவ்வளவுதான் கட்டுரை.

கட்டுரை வந்த அன்று சாயங்காலமே மைத்துனன் முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டான்.

“சீர்வரிசைய பத்தி எழுதற ஆளா மாமா நீங்க? தலை தீபாவளிக்கு மோதிரம் சின்னதா கீதுன்னு மூஞ்ச தூக்கி வெச்சிகினு ஒரு சரம் கூட வெடிக்கல. மறந்துட்டீங்களா?”

“அன்னிக்கு எனக்குத் தலைவலிடா.”

“அக்கா, மாமாவுக்கு அன்னிக்கு தலைவலியா?”

“மோதிரத்த மாத்திக் குடுத்ததும் சரியாப் போச்சு” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

எதிர்த்தரப்பிடம் இதைவிட நல்ல வாதம் இருக்க முடியாது. நான் காபியைக் குடித்தேன்.

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு, “கம்பெனிக்கு குடுக்க வேணாம், சரி. வேலை போறவனுக்கு நேரா குடுங்கறீங்க. எந்த கவுன்டர்ல மாமா? கம்பெனி கேட்டுல நிக்கறவன் கணக்குல இருப்பான். எங்க தெருவுல பிரஸ் ஓட்றவன் கீறான்னு அரசாங்கத்துக்குத் தெரியுமா?” என்றான். என் கட்டுரையில் உள்தெரு என்ற வார்த்தையே இல்லை.

அவனுடைய பயம் கம்பெனி போவதோடு முடிகிற பயமில்லை. மெஷின் அவனுடையது, ஆனால் தகட்டை வெட்டி வளைக்கிற கனமான இரும்பு அச்சுகள், பட்டறை பாஷையில் ‘டை’, கம்பெனியின் சொத்து. லாரி அனுப்பி எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அச்சு போய்விட்டால் பட்டறையில் ஆறு பேரும் இரண்டு மெஷினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

லாரி ஆயுத பூஜை அன்று வந்தது.

வருடா வருடம் பட்டறை பூஜைக்கு நாங்கள் போவோம். என் காரும் அதே கம்பெனி கார்தான்; அதற்கும் ஒரு மாலை, நான்கு எலுமிச்சம்பழம். பூஜைப் பொறுப்பு பட்டறையின் மூத்த ஆபரேட்டரிடம். பாரிவாக்கத்துக்காரர். நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு மெஷினுக்கு வந்தவர். சந்தனத்தில் கஞ்சம் பார்க்கமாட்டார். அச்சுகளை வரிசையாக வைத்து, சந்தனத்தைக் குழைத்து அப்பி, ஒவ்வொன்றுக்கும் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார். அச்சின் முன்பக்கம் நட்டநடுவில் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று உண்டு. பார்க்க நெற்றி மாதிரியே இருக்கும். பொட்டு வைக்க வேறு இடம் அவருக்கு எப்படித் தோன்றும்?

சுண்டல் கொடுக்கிற நேரத்தில், வாழைக்கன்று கட்டிய லாரியில் கம்பெனி சூப்பர்வைசர் வந்து இறங்கினார். தலைமை அலுவலகம் எந்த நாட்டிலோ இருந்தது. அந்த நாட்டுக் காலண்டரில் ஆயுத பூஜை இல்லை.

“டை எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க” என்றார், தரையைப் பார்த்தபடி. “நம்பர் பாத்து ஏத்தணும். நம்பர் எங்க?”

“பொட்டுக்குக் கீய கீது சார்” என்றார் ஆபரேட்டர்.

“தொடைங்க.”

“இன்னா சார் பேசற? நல்ல நாளும் அதுவுமா வெச்ச பொட்ட எவனாவது அழிப்பானா? நீ வேணா அழிச்சிக்கோ. ஊட்ல பொண்டாட்டி புள்ள கீதுல்ல உனக்கு?”

சூப்பர்வைசர் லாரி டிரைவரைப் பார்த்தார்.

“என்னை ஏன் சார் பாக்கற? நான் வண்டி ஓட்ட வந்தவன்” என்று டிரைவர் பொரி வாங்கப் போய்விட்டார்.

மைத்துனன் சுண்டல் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான். “உங்க சாமான் சார். நான் தடுக்கல, எடுத்துக்குங்க” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. என் மனைவி தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சூப்பர்வைசரும் என்னிடம் வந்தார். கண்ணாடி போட்டிருப்பதில் ஒரு தொல்லை இது. “சார், நீங்க படிச்சவரு மாதிரி தெரியறீங்க. தொடைச்சா என்ன ஆயிடும்? நீங்களே சொல்லுங்க.”

ஒன்றும் ஆகாது. ராகுகாலம், பல்லி விழும் பலன், வாஸ்து என்று எதையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்து எழுதியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “பூஜை அன்னிக்குப் பொட்ட அழிக்கறது அவ்வளவு நல்லதில்ல சார்” என்றேன்.

அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அவருக்கும் அழிக்க மனமில்லை. படித்த ஒருவர் சொன்னார் என்று சொல்லிக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். போனில் மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. விஜயதசமி கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு காலி லாரியில் போனார்.

விஜயதசமி கழித்து வந்தார், லாரி இல்லாமல்.

“பொட்டால எடுக்கலன்னு நான் சொன்னேனா, அதென்ன பொட்டுன்னு மேல ஒருத்தர் கேட்டாரு. அவர் அதுக்கும் மேல கேட்டாரு. இப்படி சுத்தி சுத்தி ஸ்பேர் பார்ட்ஸ் செக்‌ஷன் காதுல விழுந்துச்சு. டைய எடுத்துட்டா இனிமே தகட்ட எவன் அடிப்பான்னு அவங்க குதிக்கறாங்க.” புதுக் கார் செய்யாவிட்டாலும், விற்ற கார்களுக்கு வருடக்கணக்கில் உதிரிபாகம் கொடுத்தாக வேண்டும். இந்த விஷயம் அதுவரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அச்சுகள் இங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவு.

கம்பெனி போய்விட்டது. உதவலாமா என்று ஆராய அரசாங்கம் அமைத்த குழு மட்டும் இருக்கிறது. பட்டறையில் ஒரு மெஷின் உதிரிபாகத் தகடு அடிக்கிறது. இன்னொன்றுக்கு மைத்துனன் அலைந்து திரிந்து, பள்ளிக்கூட வேன் சீட்டுக்கான வேலை பிடித்துவிட்டான். ஆறு பேரும் இருக்கிறார்கள். என் கட்சியும் மாறவில்லை. மாப்பிள்ளைக்கு இரண்டாம் முறை சீர் கூடாது என்றே இன்னும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையை இன்று எழுதினால், உள்தெருவிலிருந்து ஆரம்பிப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கோயிலுக்குக் காரில் போனோம். பின்சீட்டிலிருந்து மைத்துனன் என் தோளைத் தட்டினான்.

“மாமா, கண்ணாடி எதுக்கு ஏத்தியே கீது?”

“ஏசி போட்டிருக்கேன்டா.”

“இப்படி ஆளாளுக்கு ஏசி போட்டுகினு உக்காந்தா தகடு எப்ப தேயறது, நான் எப்ப பொழைக்கறது? கொஞ்சம் ஏத்தி எறக்குங்க.”

“ஏன், வெளிக்காத்து நல்லாத்தானே இருக்கு, எறக்குங்களேன்” என்றாள் அவன் அக்கா.

அதிலிருந்து அம்பத்தூர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குகிறேன், ஏற்றுகிறேன், மறுபடி இறக்குகிறேன். பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். தகடு இன்னும் தேயவில்லை. மைத்துனன் நன்றாகத்தான் செய்கிறான்.