பொடிக்குள்ளே மாத்திரை

பொடித் தொழில் கையை எரிக்கும், கண்ணை எரிக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். அது ஆளையே மாட்டிவிடும் என்று எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் சுமதி, போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.

காக்களூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சாம்பார் பொடி, பருப்புப் பொடி, குருமா மசாலா எல்லாம் அரைத்து விற்கிறேன். கவரின் வாயைச் சூட்டில் ஒட்டுகிற சின்ன மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் விளக்கேற்றி, திருத்தணி முருகனைக் கும்பிட்ட பிறகுதான் அதற்கு ஸ்விட்சு போடுவேன். வெளிநாடு போகிறவர்கள் என் பொடியைத் தேடி வருவதைவிட அந்த மெஷினைத் தேடி வருவதுதான் அதிகம். "இதையும் ஒட்டிக் குடும்மா" என்று எதையாவது நீட்டுவார்கள். என்னைப் போல வீட்டில் அரைத்து விற்கிறவர்களுக்கு இந்தப் பேஜாரு தெரிந்திருக்கும்.

கசகசா

அன்றைக்குச் சுமதி, துபாயில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்தனுப்பப் பொடி வாங்க வந்தாள். குருமா மசாலாவைக் கையில் எடுத்து, "இதுல கசகசா இருக்குதாக்கா?" என்றாள். "தாராளமா போட்டிருக்கேன்மா" என்றேன் பெருமையாக. சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே கசகசாவைப் போதைப் பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்களாம். பையில் இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம். நாம் பாயசம் வைத்துச் சாமிக்குப் படைக்கிற பொருள்!

"இன்னும் கேளுங்க" என்று சுமதி சொல்லிக்கொண்டே போனாள். இங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கிற தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரை, சில இருமல் மருந்து, இதற்கெல்லாம் சில நாடுகளில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமாம். எந்த மருந்தானாலும் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டுமாம். அடுத்தவர் மருந்தைத் தொடவே கூடாதாம். எடுத்துப் போகிறவன்தான் மாட்டுவானாம். தெரியாது என்று அழுதாலும் எடுபடாதாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு இது குருமா. அங்க எறங்கினா இது கேஸு."

ஹார்லிக்ஸ் பாட்டில்

வேப்பம்பட்டிலிருந்து ஒரு சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் பெண் வீட்டுக்கு ஆறு மாசம் போகிறார்கள். சார் பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தார். கழுத்து வரைக்கும் வெள்ளை மாத்திரை. சுகருக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு எல்லாம் அதில்தான். அட்டை இடத்தை அடைக்கிறது, ஊறுகாய்க்கு இடம் வேண்டும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டிருக்கிறார்! "நாலு கவர்ல போட்டு ஒட்டிடும்மா" என்றார், ஏதோ வறுத்த கடலையைக் கொடுப்பது போல.

"சார், இதுல எது சுகர், எது பிரஷர்?" என்று கேட்டேன். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். ஒன்றை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். "பாத்தா தெரியும்மா" என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: "பெத்த பொண்ணுங்க மூணு பேரையும் பேர் மாத்தி மாத்திக் கூப்பிடற மனுஷன், வெள்ளை மாத்திரைய மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம்!"

சாமி படத்தாண்ட

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். நெல் பயிர் வைக்கிற குடும்பம். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். பிரசவப் பொடியை ஒட்டிக்கொண்டே, "இன்சுலினையும் டாக்டர் சீட்டையும் கைப்பையில வெச்சிக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மருந்து பெரிய பெட்டியின் அடியில் புடவைக்குள் இருக்கிறதாம். அந்தப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன கதி? சீட்டு எங்கே என்றால், வீட்டில் சாமி படத்தாண்ட வைத்துவிட்டு வந்திருக்கிறார்களாம். ஏனம்மா என்றேன். என்னைத்தான் விவரம் கெட்டவள் மாதிரி பார்த்துவிட்டு, காதோடு சொன்னார்கள்: "சீக்குக்காரின்னு எழுதிக் காட்டினா பிளேன்ல ஏத்துவானாம்மா?"

றால் பொடி

பழவேற்காட்டு அஞ்சலை என்னிடம் அவ்வப்போது மிளகாய்த்தூள் வாங்குகிறவள். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அவள் மகன் வேலு வளைகுடாவில் சாரம் கட்டுகிற வேலையில் இருக்கிறான். ஒருநாள் காய்ந்த றால் பொடியைத் தூக்கு நிறையக் கொண்டுவந்து, "ஒட்டிக் குடுக்கா, சதீஷு எடுத்துனு போறான்" என்றாள். சதீஷ் அவள் தெருப் பையன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன், முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறான். வெளியே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான்.

ஒட்டுவதற்கு முன்னால் காற்றுப் போக கவரை அமுக்குவது வழக்கம். அமுக்கினேன். விரலில் கெட்டியாக நெருடியது. பிரித்துப் பார்த்தால் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிய மாத்திரைகள்! "இன்னா அஞ்சலை இது?" என்றேன். வேலுவுக்குத் தோள்பட்டை வலியாம், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம். ஊருக்கு வந்தபோது இங்கே டாக்டர் கொடுத்தது கேட்டுச்சாம். "சதீஷுக்குத் தெரியுமா?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா எடுத்துனு போவமாட்டான்கா" என்றாள். முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, மெடிக்கல் ஷாப்பிலிருந்து சுமதியையும் ஆட்டோவிலிருந்து அந்தப் பையனையும் உள்ளே கூப்பிட்டேன்.

சுமதி பார்த்துவிட்டு, ஒன்று தூக்கத்துக்கு, ஒன்று பலமான வலிக்கு, இரண்டுமே அங்கே அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாதது என்றாள். அதுவும் பொடிக்குள்ளே ஒளித்து! சதீஷ் ஒரு மாத்திரைத் துண்டைக் கையில் எடுத்தான். அஞ்சலையைப் பார்த்துக் கேட்டான்: "அத்த, உன் புள்ள தூங்கறதுக்கு நான் ஜெயில்ல படுக்கணுமா?"

அஞ்சலை சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "புள்ள வலின்னு அழுவும்போது எனக்கு வேற இன்னா தெரியும் நைனா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். சதீஷ் போனை எடுத்து வேலுவைக் கூப்பிட்டான். அங்கே கம்பெனியிலேயே டாக்டர் இருக்கிறாராம். வலி என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வேலு போகவே இல்லையாம். "டேய், நான் வந்து உன்னக் கூட்டிகினு போறேன். தனியா போறதுக்குத்தானே பயம்?" என்றான் சதீஷ். மாத்திரைகளைச் சுமதி எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பொடியைச் சலித்துப் புதுக் கவரில் போட்டேன். சதீஷ் கையை நீட்டினான். அஞ்சலையே எழுந்து வந்து கவரை அவனிடம் கொடுத்துச் சொன்னாள்: "அமுக்கிப் பாரு நைனா. மூலை மூலையா அமுக்கிப் பாரு. இப்ப வெறும் றாலுதான்."

மொத்தத்தில், மிளகாய் வறுக்கும்போதுகூட இத்தனை தடவை நான் முருகனைக் கூப்பிட்டதில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வெளிநாடு போகிறவர் கையில் பொட்டலம் கொடுத்தனுப்பினால், அவர் கண் எதிரே ஒருமுறை பிரித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.