ஒரு சின்னத் தட்டும் இரண்டு பாடகிகளும்: பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி வரை

1996 பிப்ரவரி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சனிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டு மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போனேன். நெல்லையப்பரைப் பார்க்கவோ அருவியில் குளிக்கவோ போகவில்லை. ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றைத் தேடிப் போனேன். பழைய தட்டு தேடி தெற்குப் பக்கம் கிளம்புகிறவர்கள் இப்போதும் எனக்கு எழுதி வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டணமும் நேரமும் அன்றைய டைரியில் குறித்தவை. அதை நம்பி இன்று பஸ் ஏறினால் நடத்துநர் சிரிப்பார்.

முதலில் என் பித்தைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்த நண்பன் ஒருவன் எனக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாடும் ‘சோல்’ இசைத் தட்டுகளை வாங்கி வந்து தருவான். ஊர் பேர் தெரியாத பாடகிகள், ஒரே ஒரு தட்டு பாடிவிட்டுக் காணாமல் போனவர்கள். அவர்கள் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள் என்று படித்ததும், நம் பக்கத்தில் அப்படி யாரும் இல்லையா என்று தோன்றியது. இருந்தார்கள். அறுபதுகளில் நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ சபைப் பாட்டுகளைச் சிலர் சொந்தச் செலவில் நூறு, இருநூறு என்று தட்டாகப் போட்டிருந்தார்கள்.

அப்படி ஒன்று மதுரையில் பழைய பேப்பர் கடையில் எனக்குக் கிடைத்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. முதல் பக்க லேபிளில் ‘ஞானமலர்’, மறுபக்கத்தில் ‘தங்கக்கனி’. முதல் பக்கக் குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்குள்ளும் அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபக்கக் குரல் பிசிறில்லாமல், ஆனால் தூங்கி வழிந்தது. தட்டு சேர்ப்பவர்கள் நாற்பது பேருக்கு நான் மாதாமாதம் சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து ஒரு மடல் அனுப்பி வந்தேன். அதில் ஞானமலரை வானளாவப் புகழ்ந்து எழுதினேன். தங்கக்கனியைப் பற்றி இரண்டு வரி: “சுருதி இருக்கிறது, உயிர் இல்லை. இந்தப் பக்கத்தைப் பாடாமலே இருந்திருக்கலாம்.” எழுதும்போது ரொம்ப ரசித்து எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மடலைப் படித்த ஒருவர், பாளையங்கோட்டையில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் அதே தட்டு நல்ல நிலையில் இருப்பதாக எழுதினார். அதுதான் கிளம்பக் காரணம்.

மதுரையில் காலை ஐந்து மணி பஸ். 24 ரூபாய். கோவில்பட்டியில் பத்து நிமிடம் டீக்கு நின்று, 9.20க்கு நெல்லை சந்திப்பு. லாட்ஜில் அறை 80 ரூபாய். தண்ணீர் நன்றாக வரும், மூட்டைப்பூச்சியும் உண்டு. என் பையில் பேட்டரியில் ஓடும் கிராமபோன் பெட்டி, நாலு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டை, ஒன்றரை ரூபாய்.

அண்ணாச்சி கடையில் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் சபையில் ஊர்கூடி உண்ணும் அசன விருந்துக்கும் ஒரே ஒலிபெருக்கிக் குழாய்தான் போகும். தட்டுகள் மட்டும் வேறு வேறு பெட்டியில். நான் கேட்ட தட்டை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். கீறலே இல்லை. ஆனால் இரண்டு லேபிளிலும் பாடகி பெயர் மேல் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

“என்ன அண்ணாச்சி, லேபிளை இப்படிப் பாழாக்கிட்டீங்களே.”

“லேபிள வச்சி என்ன வே செய்யப் போறீரு? பாட்டத்தான கேக்கணும்? அது எங்க ஆப்பரேட்டர் தொழிலுக்குப் போட்டது. பாட்டுக்காரிய ரெண்டு பேரும் இருக்காவ. ஒருத்தி அம்பாசமுத்திரத்துல டீச்சரு, ஒருத்தி சீவலப்பேரி. போய்ப் பாரும்.”

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. வெளியில் வண்டியில் குழாய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்கவில்லை. தட்டுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தேன். நேராக லாட்ஜுக்கு வந்து, சவர பிளேடை வைத்து ஒரு மணி நேரம் அந்தச் சிவப்புப் பெயிண்டைப் பைய பையச் சுரண்டினேன். ஞானமலர் கையில் சுத்தமான லேபிளோடு கொடுக்க வேண்டும் என்று ஆசை.

அம்பாசமுத்திரத்துக்கு பாபநாசம் பஸ்ஸில் 37 கிலோமீட்டர், ஆறு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சேரன்மகாதேவி தாண்டியதும் இடப்பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும். பள்ளிக்கூடம் விட்டு ஞானமலர் டீச்சர் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தாகப் பத்து. ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி, கையில் விடைத்தாள் கட்டு. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் காப்பி போட்டுத் தந்தார். நான் பெருமையாக மடலை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். மடித்து விடைத்தாள் கட்டின் மேல் வைத்தார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியை மேசையில் வைத்து முதல் பக்கத்தைப் போட்டேன். முழுப் பாட்டையும் தலை குனிந்து கேட்டார்.

“மறுபக்கம் போடுங்க.”

போட்டேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“இதுதான் நான். மொதல்ல கேட்டது தங்கக்கனி. அச்சடிச்சவங்க லேபிளப் பக்கம் மாத்தி ஒட்டிட்டாங்க.”

அண்ணாச்சியின் பெருக்கல் குறி எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. அசனத்தில் ஆட்கள் தங்கக்கனி பாட்டைப் போடு என்பார்கள் என்று டீச்சர் சொன்னார். ஆப்பரேட்டர் லேபிளை நம்பித் தப்பான பக்கத்தைப் போட்டுவிடக் கூடாது என்று இட்ட அடையாளம் அது. அந்தத் தட்டில் உண்மையைச் சொன்ன ஒரே விஷயம். அதைத்தான் நான் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறேன்.

மீதியையும் டீச்சர் சொன்னார். அப்போது அவர் ஆசிரியப் பயிற்சி மாணவி. தங்கக்கனி அதே விடுதியின் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே பாடகர் குழு. தட்டு வந்து இரண்டு மாதம் கழித்து, அதற்குச் செலவு செய்த பெரியவர் மெட்ராசிலிருந்து வந்தார். பதிவு நாளில் அவர் அங்கே இல்லை. முதல் பக்கத்தைக் கேட்டு, லேபிளைப் பார்த்து, ஞானமலரை வைத்து இரண்டாவது தட்டு போட வேண்டும் என்றார்.

“நான் வாய தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தாப் போதும். சொல்லல. எனக்கு ஆசையா இருந்திச்சி. அவரு என்னைப் பாடச் சொன்னாரு. கேட்டாரு. மொகம் மாறிட்டு. ரெண்டாவது தட்டே வேண்டாம்னு எந்திச்சிப் போயிட்டாரு. தங்கக்கனிய யாருமே கூப்பிடல. அவளுக்குத் தெரியும் நான் சொல்லலன்னு. அதுக்கப்புறம் நான் அவ மொகத்துல முழிக்கல.”

சீவலப்பேரிக்கு என்னோடு வருகிறீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். “நீங்க போய்ச் சொல்லுங்க. பேர மாத்தி எழுதிருங்க” என்றார். ஏழே கால் பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் என் புத்தியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலை பாளையங்கோட்டையிலிருந்து 7.10 டவுன் பஸ், இரண்டேகால் ரூபாய், நாற்பத்தைந்து நிமிடம். சீவலப்பேரி நிறுத்தத்தில் டீக்கடைக்காரரிடம் தங்கக்கனி என்றேன்.

“எந்தத் தங்கக்கனி? பாட்டுக்காரி தங்கக்கனியா? அறுப்புக்குப் போயிருக்காவ. வாய்க்கா கரையோட அங்கன நேராப் போங்க.”

ஊருக்குத் தெரிந்திருக்கிறது. மடல் வாங்கும் நாற்பது பேருக்குத்தான் தெரியவில்லை.

ஒன்றரை கிலோமீட்டர் நடை. பிசானப் பருவத்து நெல் அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய, அகன்ற தோள்கள் கொண்ட ஒருத்தர் நிமிர்ந்து, நான்தான் தங்கக்கனி என்றார். பேச வேண்டும் என்றேன்.

“கஞ்சி நேரம் வரட்டும் சார். கூறு அறுப்பு, ஆளுக்கு ஒரு பங்கு. நடுவுல நின்னா மத்தவளுக்குப் பாரம். அங்கன வரப்புல இரிங்க.”

பத்து மணி வரை வரப்பில் உட்கார்ந்திருந்தேன். தொப்பி கொண்டு போங்கள். நான் கொண்டு போகவில்லை.

கஞ்சிக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: லேபிள், என் மடல், டீச்சர் சொன்னது. அவர் கையைக் கழுவிக்கொண்டு, “பாட்டக் கேப்போம்” என்றார். வரப்பில் பெட்டி சாய்ந்து ஊசி வழுக்கியது. ஒரு பெண் நெற்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்கு முட்டுக் கொடுத்தார். அந்தக் குரல் வயலில் எழுந்தது.

“யக்கா, நீதானா இது? அப்பமே இப்படித்தான் கத்திருக்க” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தங்கக்கனி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டில் கிராமபோன் கிடையாது. அசனத்தில் குழாயில் தூரத்திலிருந்து கேட்டதோடு சரி, பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை என்றார்.

பிறகு மறுபக்கத்தைக் கேட்டார். அதையும் அதே கவனத்தோடு. முடிந்ததும், “நீங்க எழுதினதப் படிங்க” என்றார். படித்தேன். அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். முழுக்கப் படிக்க வைத்தார்.

“இத மலரு படிச்சாளா?”

“படிச்சாங்க.”

“அத உங்க முன்னால படிச்சிட்டுத்தான், ‘இது நான்’னு சொன்னாளாக்கும்?”

ஆமாம் என்றேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பாடாமலே இருந்திருக்கலாம் என்ற வரியைப் படித்துவிட்டு, மேசைக்கு எதிரே நான் உட்கார்ந்திருக்க, அதைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார் அந்த டீச்சர். பேசாமல் இருந்திருந்தால் புகழ் முழுக்க அவருக்கே. நான் என் முட்டாள்தனத்தைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“பேர மட்டும் மாத்திப் போட்டா, அந்த ஏச்சு அவளுக்குப் போயிரும்லா” என்றார் தங்கக்கனி. “கேளுங்க. எனக்குச் சுதி மூணு கட்டை. அவளுக்கு அஞ்சு. அன்னைக்கி மொதல்ல நான் பாடினேன். ஆர்மோனியக்காரரு எனக்கு வச்ச சுதியிலயே அவளையும் பாட வச்சிட்டாரு. நேரமில்லன்னுட்டாரு. கொரல அமுக்கி அமுக்கிப் பாடிருக்கா பாவம். அதுல எங்கன உயிர் வரும்? நாலு வரி தள்ளி மேல போவுதுல்லா, அந்த எடத்தக் கேளுங்க. அதுதான் மலரு.”

போட்டுக் கேட்டேன். உண்மைதான். மேலே ஏறும் ஒரே ஒரு இடத்தில் மணி மாதிரி ஒரு குரல் திறந்து, உடனே கீழே அழுந்திப் போனது. இருபது தடவை கேட்டும் எனக்கு அது காதில் விழவில்லை. உயிர் இல்லை என்று எழுதத் தெரிந்தது.

“அவ மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?”

“இல்லாம? பத்து வருசம் இருந்திச்சி. அதுக்காவ பாட்டக் கொற சொல்லலாமா?” என்று சொல்லிவிட்டு, கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலில் இறங்கினார். தட்டை அவரிடமே கொடுக்கப் பார்த்தேன். தேய்ந்ததை நான் வைத்துக்கொண்டு நல்லதை டீச்சருக்கு அனுப்பச் சொன்னார். மதியம் 12.40 பஸ். மதுரை வந்து சேர ஆறே கால்.

திருத்தம் எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு பெயர்களையும் மாற்றி, கட்டை விஷயத்தை விளக்கி, அந்த மேலேறும் இடத்தைப் பற்றித் தனியே ஒரு பத்தி எழுதி, எழுதின இரண்டு வரிக்கு மன்னிப்புக் கேட்டு, இருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். நல்ல தட்டு அம்பாசமுத்திரம் போனது.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய பேப்பர் கடைக்கு முன்னால் ரேடியோ செட் கடைக்குப் போங்கள். லேபிளில் பெயிண்ட், கீறல், ஒட்டுத்தாள் எது இருந்தாலும் கை வைக்காதீர்கள். ஏன் என்று கடைக்காரரிடம் கேளுங்கள், அவர் அவசரத்தில் இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கேளுங்கள். அறுப்புக் காலத்தில் யாரையும் பத்து மணிக்கு முன் பார்க்க முடியாது. பேட்டரி இரண்டு செட் வேண்டும். பாடியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் அவர் பாட்டைப் பற்றி நக்கலாக எழுதாதீர்கள். இறந்தவர் என்று தெரிந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். பயணச் செலவு மொத்தம், தட்டையும் சேர்த்து, 231 ரூபாய்.

ஏப்ரலில் டீச்சரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. “போன சனிக்கிழமை சீவலப்பேரி போயிருந்தேன். எனக்கு மூன்று கட்டை இறங்கவில்லை, அவளுக்கு ஐந்து ஏறவில்லை; நாலில் வைத்து இரண்டு பேரும் பாடினோம்.”